சிறுநீர் மணப் பகுப்பாய்வு

சிறுநீர் மணப் பகுப்பாய்வு என்பது மனிதச் சிறுநீரிலிருந்து ஆவியாகி வெளிவரும் சேர்மங்களைக் கண்டறிந்து, அவற்றின் அளவைக் கணித்து, அதன்வழி உடல்நிலையை மதிப்பிடும் முறையாகும். மூக்கால் முகர்ந்து நோயை ஊகிப்பது மிகப் பழைய வழக்கம். தமிழ்ச் சித்த மருத்துவத்தில் சிறுநீரின் மணம் தனியொரு சோதனைக் கூறாகவே வைக்கப்பட்டுள்ளது. வளிம நிறப்பகுப்பியல் 1950-களில் உருவான பின்னர், மணத்தைத் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்து அளவிட முடிந்தது. இன்று இம்முறை சில அரிய பரம்பரை நோய்களில் உறுதியான பயன் தருகிறது. புற்றுநோய், காசநோய் போன்றவற்றில் இது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

சொற்கள்

பழந்தமிழில் நாற்றம் என்ற சொல் நறுமணத்தையே குறித்தது. பிற்காலத்தில் அது தீய மணத்துக்கு உரியதாகிவிட்டது. வாடை, வீச்சம், கவிச்சி ஆகியவையும் பெரும்பாலும் விரும்பத்தகாத மணத்தையே சுட்டுகின்றன. எனவே இக்கட்டுரையில் நன்மை தீமை குறிக்காத பொதுச்சொல்லாக மணம் என்பதே ஆளப்படுகிறது. சித்த மருத்துவ நூல்களில் சிறுநீர் என்பதற்கு நீர், மூத்திரம், அமுரி என்னும் சொற்கள் வழங்குகின்றன.

சித்த மருத்துவத்தில் மணம்

சித்த மருத்துவத்தில் நோய் அறிவதற்கு எண்வகைத் தேர்வு என்னும் முறை உண்டு. நா, நிறம், மொழி, விழி, தொடு உணர்வு, மலம், மூத்திரம், நாடி என்பன அந்த எட்டு. இவற்றுள் மூத்திரத் தேர்வு நீர்க்குறி, நெய்க்குறி என இரு பகுதிகளாக அமையும். நீர்க்குறியில் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகிய ஐந்தும் நோக்கப்படுகின்றன. எஞ்சல் என்பது அளவு குறைதலாகும். நெய்க்குறியில் சிறுநீரின் மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விடப்படும். அது அரவு போல் நீண்டால் வளி, ஆழி போல் வளையமிட்டால் அழல், முத்துப் போல் நின்றால் ஐயம் என்று கொள்வர். இம்முறை தேரையர் பெயரில் வழங்கும் பாடல்களில் கூறப்படுகிறது.

இப்பாடல்களில் நோய்க்குறிகளைவிட இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கக்கூடியது, சிறுநீரை எடுப்பதற்கு விதிக்கப்பட்டுள்ள நெறியாகும். முந்தைய நாள் ஒன்றுக்கொன்று முரணாகாத சுவைகளுடைய உணவை, உரிய வேளையில், பசிக்கு ஏற்ற அளவில் உண்ண வேண்டும். இரவு நன்கு உறங்க வேண்டும். வைகறையில் கழியும் நீரைக் கண்ணாடிக் கலத்தில் பிடித்து, ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் நோக்க வேண்டும். உணவு, நேரம், கலம், காத்திருப்பு ஆகிய நான்கும் முடிவை மாற்றிவிடும் என்ற அறிதல் இந்நெறியில் உள்ளது. இன்றைய ஆய்வகங்கள் சிறுநீர் மணத்தை அளக்கும்போது கட்டுப்படுத்த முயல்வதும் இதே நான்கைத்தான். இந்த ஒற்றுமையைக் கொண்டு நீர்க்குறியின் முடிவுகளெல்லாம் இன்றைய வேதியியலோடு பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. வளி, அழல், ஐயம் என்ற பகுப்புக்கும் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறின் செறிவுக்கும் இடையே நேரான தொடர்பு நிறுவப்படவில்லை. மாதிரியை எடுப்பதில் காட்டப்பட்ட கவனம் வேறு, அதற்குத் தரப்பட்ட விளக்கம் வேறு என்று பிரித்துப் பார்ப்பதே முறையாகும்.

இனிப்பும் மணமும்

நீரிழிவு நோயாளரின் சிறுநீர் இனிக்கும் என்பதையும் அதில் எறும்பு மொய்க்கும் என்பதையும் இந்திய மருத்துவ மரபு நெடுங்காலமாக அறிந்திருந்தது. மதுமேகம் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் இங்கிலாந்து மருத்துவர் தாமசு வில்லிசு 1674-இல் இவ்வினிப்பைப் பதிவு செய்தார். அது சர்க்கரையே என்பதை மாத்தியூ டாப்சன் 1776-இல் காட்டினார்.

ஆனால் இனிப்பு வேறு, மணம் வேறு. குளுக்கோசு ஆவியாவதில்லை. ஆகவே அதற்கு மணம் கிடையாது. நீரிழிவில் சில நேரங்களில் எழும் பழுத்த பழம் போன்ற மணத்துக்குக் காரணம் அசிட்டோன் ஆகும். இன்சுலின் மிகவும் குறைந்த நிலையில் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அப்போது கல்லீரலில் அசிட்டோஅசிட்டிக் அமிலம், பீட்டா-ஐதராக்சிபியூட்டைரிக் அமிலம் என்னும் கீட்டோன் பொருள்கள் பெருகுகின்றன. முதலாவது சிதைந்து அசிட்டோனாகிறது. அசிட்டோன் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. நீரிழிவு நோயாளர் ஒருவரின் சிறுநீரில் அசிட்டோன் இருப்பதை வில்லெம் பெட்டர்சு 1857-இல் கண்டறிந்தார். நைட்ரோபுருசைடு உப்புடன் சேர்ந்தால் ஊதா நிறம் தோன்றும் சோதனை 1883-இல் வந்தது. இன்று மருந்துக்கடைகளில் கிடைக்கும் கீட்டோன் சோதனைப் பட்டைகளும் இதே வினையைத்தான் பயன்படுத்துகின்றன. இப்பட்டைகள் முதன்மையாக அசிட்டோஅசிட்டிக் அமிலத்தையே காட்டும். கீட்டோன் நச்சுநிலையில் மிகுதியாக இருக்கும் பீட்டா-ஐதராக்சிபியூட்டைரிக் அமிலத்தை அவை காட்டுவதில்லை. நீண்ட உண்ணாநோன்பிலும் மாவுச்சத்து மிகக் குறைந்த உணவிலும் கீட்டோன்கள் தோன்றும் என்பதால் அசிட்டோன் மணம் மட்டுமே நீரிழிவுக்குச் சான்றாகாது.

மணத்தின் தோற்றம்

சிறுநீரில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீரே. எஞ்சியவற்றுள் பெரும்பங்கு யூரியாவும் உப்புகளும் ஆகும். இவற்றுக்கு மணம் இல்லை. மணம் தருபவை மிகச் சிறிய அளவில், பெரும்பாலும் நூறுகோடியில் சில பங்குகள் என்ற செறிவில் இருக்கும் சிறு மூலக்கூறுகள். கீட்டோன்கள், கந்தகச் சேர்மங்கள், அமீன்கள், பீனால்கள், பியூரான்கள் முதலியவை இவற்றுள் அடங்கும்.

புதிதாகக் கழித்த சிறுநீரில் அம்மோனியா மணம் மிகக் குறைவு. பொதுக் கழிப்பிடங்களில் மூக்கைத் துளைக்கும் வீச்சம் உடலுக்கு வெளியே உண்டாவது. நுண்ணுயிரிகளின் யூரியேசு என்னும் நொதி யூரியாவை அம்மோனியாவாகச் சிதைக்கிறது. எனவே நெடுநேரம் வைத்திருந்த மாதிரியில் அளக்கப்படும் அம்மோனியா, நோயாளரைப் பற்றி அல்லாமல் அந்தக் குப்பியைப் பற்றியே சொல்லும். கழித்தவுடனேயே அம்மோனியா மணம் வீசினால், யூரியேசு உடைய நுண்ணுயிரித் தொற்று சிறுநீர்ப்பையில் இருக்கக்கூடும். புரோட்டியசு என்னும் நுண்ணுயிரி இதற்கு எடுத்துக்காட்டு.

உணவின் பங்கும் பெரிது. தண்ணீர்விட்டான் கிழங்கின் பேரினத்தைச் சேர்ந்த மேலைநாட்டு அசுபாரகசுத் தண்டை உண்டவரின் சிறுநீரில் சில மணி நேரத்துக்குள் மெத்தேன்தயோல் முதலிய கந்தகச் சேர்மங்கள் வருகின்றன. வேடிக்கையாக, அம்மணத்தை நுகர இயலாதவர்களும் பலர் உள்ளனர். அது மரபணு வேறுபாட்டால் வருவது. ஒரே சிறுநீரை இருவர் முகர்ந்து இருவேறு முடிவு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூக்கின் இடத்தில் கருவியை வைக்க வேண்டிய தேவையும் இதனாலேயே எழுகிறது.

பரம்பரை வளர்சிதைமாற்றக் கோளாறுகள்

சிறுநீர் மணம் மருத்துவ வரலாற்றையே மாற்றிய நிகழ்வு 1934-இல் நோர்வேயில் நடந்தது. மனவளர்ச்சி குன்றிய இரு குழந்தைகளின் தாய், அவர்களின் சிறுநீரில் எப்போதும் ஒரு விசித்திர மணம் வீசுவதைப் பல மருத்துவர்களிடம் சொல்லிவந்தார். எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வேதியியலும் கற்ற மருத்துவரான அசுபியோர்ன் ஃபோலிங் அச்சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தார். கீட்டோன் இருந்தால் செம்பழுப்பு நிறம் வரும் என எதிர்பார்த்த இடத்தில் அடர்பச்சை நிறம் தோன்றியது. பல லிட்டர் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்து அப்பொருள் பினைல்பைருவிக் அமிலம் என நிறுவினார். இதுவே இன்று பினைல்கீட்டோனூரியா எனப்படும் நோய். பினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி இதில் செயல்படுவதில்லை. எலி வளையின் மணத்தைப் போன்ற அந்த மணம் பினைல்அசிட்டிக் அமிலத்தால் வருவது.

இங்கு கவனிக்க வேண்டியது, நோயை உறுதி செய்தது மணப்பொருளின் அளவீடு அன்று என்பதாகும். மணம் வழிகாட்டியது. அளக்கப்பட்டதோ அதற்கு உறவான, ஆவியாகாத வேறொரு அமிலம். பின்னர் வந்த பல கண்டுபிடிப்புகளிலும் இதே ஒழுங்கைக் காணலாம். பினைல்அலனின் குறைந்த உணவால் இந்நோயின் தீங்கைத் தடுக்கலாம் என்பது 1950-களில் தெரிந்தது. உலர்ந்த இரத்தப் பொட்டைக் கொண்டு பச்சிளங்குழந்தைகளைச் சோதிக்கும் முறையை இராபர்ட்டு கத்ரி 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அதன்பின் மணம் வரும்வரை காத்திருக்கும் தேவை பல நாடுகளில் நீங்கியது.

1966-இல் கண்டறியப்பட்ட ஐசோவலேரிக் அமிலக் குருதிநிலையில் வியர்த்த காலுறையின் மணம் வீசும். வளிம நிறப்பகுப்பும் திணிவு நிறமாலையும் இணைந்த கருவியால் முதன்முதலில் இனங்காணப்பட்ட பரம்பரை நோய் இதுவே. தைரோசின் குருதிநிலை, மெத்தியோனின் உறிஞ்சற்குறை முதலிய வேறு சில நோய்களிலும் தனித்த மணங்கள் கூறப்படுகின்றன. அவை மிக அரியவை.

மேப்பிள் பாகும் வெந்தயமும்

1954-இல் அமெரிக்க மருத்துவர் சான் மெங்கிசும் உடன் பணியாற்றியோரும் ஒரே குடும்பத்தில் பிறந்து சில வாரங்களில் இறந்த நான்கு குழந்தைகளைப் பற்றி எழுதினர். அக்குழந்தைகளின் சிறுநீரில் மேப்பிள் மரப்பாகின் மணம் வீசியது. எனவே இந்நோய் மேப்பிள் பாகுச் சிறுநீர் நோய் எனப் பெயர் பெற்றது. லியூசின், ஐசோலியூசின், வாலின் என்னும் மூன்று கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களைச் சிதைக்கும் நொதித்தொகுதியின் குறைபாடே காரணம். உலக அளவில் ஏறத்தாழ 1,85,000 பிறப்புகளில் ஒன்று என இது மதிப்பிடப்படுகிறது.

கடும் வகையில் குழந்தை பிறக்கும்போது நலமாகவே தோன்றும். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் காதுக் குறும்பியில் இம்மணம் தோன்றக்கூடும். இரண்டாம், மூன்றாம் நாளில் பால் குடிப்பது குறையும், எரிச்சல் மிகும். நான்கைந்து நாள்களில் மூளை பாதிக்கப்படும். மருத்துவம் இல்லாவிடில் 7 முதல் 10 நாள்களுக்குள் நினைவிழப்பும் மூச்சுத் தடையும் நேரும். ஆகவே இந்நோயில் காலம் என்பது மணிக்கணக்கு.

மேப்பிள் பாகு தமிழகத்தில் பெரும்பாலோர் அறியாத பொருள். மருத்துவப் பாடநூல்களில் இப்பெயரைப் படிக்கும் மாணவர் அம்மணத்தை ஒருபோதும் முகர்ந்திருக்க மாட்டார். எனினும் அது நமக்கு அந்நியமான மணம் அன்று. இந்நோயில் அம்மணத்தைத் தருவது சோட்டோலோன் என்னும் சேர்மம் என்பதைச் செருமானிய ஆய்வாளர் 1999-இல் உறுதி செய்தனர். வெந்தயத்தின் தனிமணத்துக்கும் காரணம் அதே சோட்டோலோன்தான். செறிவு குறைந்தால் அது காய்ச்சிய சர்க்கரைப் பாகையும், செறிவு மிகுந்தால் வெந்தயத்தையும் நினைவூட்டும். 2005 முதல் நியூயார்க் நகரில் அவ்வப்போது பரவி மக்களைக் குழப்பிய மேப்பிள் பாகு மணம், அண்டை மாநிலமான நியூ செர்சியில் வெந்தய விதையைப் பதப்படுத்திய மணப்பொருள் ஆலையிலிருந்து வந்தது என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது.

வெந்தயத்தை மிகுதியாக உண்டவரின் வியர்வையிலும் சிறுநீரிலும் அம்மணம் வரும். தமிழகத்தில் வெந்தயக் களி பூப்பெய்திய பெண்களுக்கும் பிள்ளை பெற்ற தாய்மார்க்கும் தரப்படுவது. பால் சுரப்புக்கு நல்லது என்ற நம்பிக்கையும் உண்டு. மேற்காசிய நாடுகளிலும் தாய்மாருக்கு வெந்தயம் தரும் பழக்கம் இருக்கிறது. பிள்ளைப்பேற்றை ஒட்டித் தாய் வெந்தயம் உட்கொண்டதால், அல்லது குழந்தைக்கே வெந்தய நீர் புகட்டியதால், நலமான குழந்தையின் சிறுநீரில் மேப்பிள் பாகு மணம் வீசி, மருத்துவர்கள் கொடிய நோயென ஐயுற்ற நேர்வுகள் 1981 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அக்குழந்தைகளின் இரத்தத்தில் அமினோ அமிலங்கள் இயல்பாகவே இருந்தன.

மணம் ஒன்று, மூலக்கூறும் ஒன்று, ஆனால் பொருள் இரண்டு என்பதே இதில் உள்ள சிக்கல். நுட்பமான கருவி ஒன்று சோட்டோலோனை மிகத் துல்லியமாக அளந்து சொன்னாலும், அது உடலில் உருவானதா உணவில் வந்ததா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. இதற்கு மறுதலையான ஆபத்தும் உண்டு. வெந்தயம் புழங்கும் வீட்டில், நோயுற்ற குழந்தையின் மணத்தை, தாய் உண்ட களியின் மணம் எனத் தள்ளிவிடவும் கூடும். எனவே பாலை மறுக்கும், சோர்ந்து கிடக்கும் பச்சிளங்குழந்தையிடம் இம்மணம் இருந்தால், தாய் வெந்தயம் உண்டிருந்தாலும் கூட இரத்த அமினோ அமிலச் சோதனை உடனே தேவை. பழைய முறையான டைநைட்ரோபினைல்ஐதரசீன் சோதனையில் கீட்டோ அமிலங்கள் இருந்தால் சிறுநீர் மஞ்சளாகக் கலங்கும். அது எளியது, விலை குறைந்தது. எனினும் முடிவானது அன்று.

மேற்கூறிய நோய்களில் பெரும்பாலானவை ஒடுங்கு மரபணு நோய்கள். தாய், தந்தை இருவரும் பழுதான மரபணுவின் ஒரு படியைத் தாங்கியிருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4-இல் 1 ஆகும். உறவுமுறைத் திருமணத்தில் இந்த வாய்ப்புக்கான சூழல் கூடுகிறது. அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால், குழந்தையின் ஒரு மரபணுவின் இரு படிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வரும் நிகழ்தகவு 16-இல் 1. தாய்மாமன் அக்காள் மகளை மணந்தால் அது 8-இல் 1. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 விழுக்காட்டுத் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை.

மீன் மண நோய்

திரைமெத்தில்அமீனூரியா என்னும் நிலையில் சிறுநீர், வியர்வை, மூச்சு மூன்றிலும் மீன் கவிச்சி வீசும். முட்டை, ஈரல், பயறு வகைகளிலுள்ள கோலினையும், கடல்மீனிலுள்ள திரைமெத்தில்அமீன் ஆக்சைடையும் குடல் நுண்ணுயிரிகள் திரைமெத்தில்அமீனாக மாற்றுகின்றன. இயல்பான உடலில் கல்லீரலின் எஃப்.எம்.ஓ.3 என்னும் நொதி அதை மணமற்ற ஆக்சைடாக்கி வெளியேற்றுகிறது. இந்நொதி குறைபட்டால் மணமுள்ள அமீன் அப்படியே வெளிவரும். இரண்டின் விகிதத்தைச் சிறுநீரில் அளந்து நோய் உறுதி செய்யப்படுகிறது. மணப்பொருளே நேரடியாக அளக்கப்படும் நோய்களுள் இது முதன்மையானது.

திரைமெத்தில்அமீன் ஏறத்தாழ 3 பாகை செல்சியசிலேயே கொதிப்பது. ஆகவே சிறுநீர் மாதிரியில் சிறிது அமிலம் சேர்த்து அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிட வேண்டும். இல்லையெனில் அளக்க வேண்டியது காற்றோடு போய்விடும். மீன் குழம்பில் புளி ஊற்றினால் கவிச்சி அடங்குவதும் இவ்வேதியியலால்தான். இந்நோயாளருக்குச் சற்று அமிலத்தன்மையுள்ள சோப்பு பரிந்துரைக்கப்படுவதும் அதே காரணத்தால்.

இந்நோய் உயிருக்கு ஊறு செய்வதன்று. ஆனால் உடன் பயில்வோரும் பணிபுரிவோரும் தூய்மைக் குறைவு எனக் கருதி ஒதுக்குவதால் மனத்துயர் பெரிது. குளித்தால் போகாத மணத்தை வேதியியல் குறைபாடு என ஓர் அளவீடு நிறுவுவதே இவர்களுக்கு முதல் ஆறுதல். மகாபாரதத்தின் மச்சகந்தி கதையை இந்நோயின் பழஞ்சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது கதை என்ற அளவில் நின்றுவிடுவது நல்லது.

அளவிடும் முறை

குப்பியில் பாதியளவு சிறுநீரை ஊற்றி மூடிச் சூடாக்கினால், ஆவியாகும் சேர்மங்கள் நீருக்கு மேலுள்ள வெற்றிடத்தில் திரளும். இப்பகுதி மேல்வெளி எனப்படும். பூச்சிட்ட மெல்லிய சிலிக்கா இழையை அதனுள் நீட்டினால் சேர்மங்கள் அதில் படியும். திண்மநிலை நுண்பிரிப்பு எனப்படும் இம்முறையைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் சானுசு பாவ்லிசின் 1990-இல் அறிமுகப்படுத்தினார். பின்னர் இழையிலிருந்து வெளியேற்றப்படும் சேர்மங்கள் வளிம நிறப்பகுப்புக் கருவியின் நீண்ட நுண்குழாய் வழியே செலுத்தப்படுகின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளிவருகிறது. குழாயின் முடிவிலுள்ள திணிவு நிறமாலைமானி அதை உடைத்து, துண்டுகளின் திணிவைக் கொண்டு இனங்காண்கிறது. சில ஆய்வகங்களில் குழாயின் முடிவில் மனிதர் ஒருவரே மூக்கை வைத்து, எந்த நொடியில் எம்மணம் வந்தது எனக் குறிப்பதும் உண்டு.

நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் லைனசு பாலிங்கும் உடன் ஆய்ந்தோரும் 1971-இல் ஒருவரின் சிறுநீர் ஆவியில் ஏறத்தாழ 280 பொருள்களையும் மூச்சில் 250 பொருள்களையும் பிரித்துக் காட்டினர். உடல்நல ஆவியியல் என்று சொல்லத்தக்க ஒரு துறைக்கு இதுவே தொடக்கமாகக் கருதப்படுகிறது. 2014-இல் வெளியான ஒரு தொகுப்பு, நலமான மனிதரின் சிறுநீரில் அதுவரை பெயரோடு பதிவான ஆவியாகும் சேர்மங்கள் 279 என்று கணக்கிட்டது. எண்கள் நெருங்கி வந்தது தற்செயலே. பாலிங் கண்டவை பெரும்பாலும் பெயர் தெரியாத முகடுகள்.

சிறுநீரின் அடர்த்தி, குடிக்கும் நீரைப் பொறுத்து மாறும். எனவே எச்சேர்மத்தின் அளவும் கிரியாட்டினினோடு ஒப்பிட்டே கூறப்படுகிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து ஏறத்தாழ ஒரே சீராக வெளியேறும் பொருள். இவ்வொப்பீடு இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

மோப்ப நாய்களும் மின்மூக்கும்

2004-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. பயிற்றுவிக்கப்பட்ட 6 நாய்கள், ஏழு சிறுநீர் மாதிரிகளுள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளருடையது எது எனக் காட்ட வேண்டும். 54 முயற்சிகளில் 22 சரியாக அமைந்தன. இது 41 விழுக்காடு. குருட்டாம்போக்கில் 14 விழுக்காடே வரும். பயிற்சியின்போது, நலமானவர் எனக் கருதப்பட்ட ஒருவரின் மாதிரியை நாய்கள் மீண்டும் மீண்டும் சுட்டின. மறுபடி சோதித்ததில் அவருக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்தது. 41 விழுக்காடு என்பது மருத்துவமனையில் பயன்படுத்தப் போதாது. ஆயினும் அங்கு முகரத்தக்க ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை அது காட்டியது. பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் நாய்கள் நோயின் மணத்தைக் கற்காமல் ஒவ்வொருவரின் மணத்தையும் நினைவில் வைத்துக்கொள்வதும் தெரியவந்தது.

மின்மூக்கு என்னும் கருத்தை இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருட்டிணா பெர்சாட், சார்ச்சு டாடு ஆகியோர் 1982-இல் முன்வைத்தனர். வெவ்வேறு வளிமங்களுக்கு வெவ்வேறு அளவில் மின்தடை மாறும் உணரிகள் சில இதில் இருக்கும். எவ்வுணரியும் தனியாக ஒரு சேர்மத்தை இனங்காணாது. எல்லாம் சேர்ந்து தரும் கோலத்தைக் கணினி கற்றுக்கொள்ளும். இந்தியாவில், புதுதில்லியின் பன்னாட்டு மரபணுப் பொறியியல், உயிரித் தொழில்நுட்ப மைய ஆய்வாளர்கள், காசநோயாளரின் சிறுநீரில் சில ஆவியாகும் சேர்மங்களின் அளவு நலமானவரிலிருந்து வேறுபடுவதை வளிம நிறப்பகுப்பின் மூலம் 2011-இல் காட்டினர்.

இவ்வகை ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். நோயாளர் 30 பேர், நலமானவர் 30 பேர், அளந்த சேர்மங்கள் 280 என்றால், அவற்றுள் சில எவ்விதக் காரணமும் இன்றியே இரு குழுவையும் பிரித்துக் காட்டும். கணினி நிரலுக்கு அதைக் கண்டுபிடிப்பது மிக எளிது. அதே நிரலை வேறொரு ஊரில், வேறு உணவுப் பழக்கமுடைய மக்களிடம் சோதித்த பின்பே முடிவைப் பொருட்படுத்தலாம். வெளியான ஆய்வுகள் பலவற்றில் இந்த இரண்டாம் படி இடம்பெறவில்லை.

இதற்கு நல்ல பாடம் 4-எப்டனோன். 1970-களிலிருந்து சிறுநீரில் தவறாமல் காணப்பட்ட இச்சேர்மம் உடலின் இயல்பான விளைபொருள் என எண்ணப்பட்டது. நீரிழிவோடும் தொடர்புபடுத்தப்பட்டது. பிளாத்திக்குகளை நெகிழ்வாக்கும் பொருள்கள் உடலுக்குள் சென்று சிதைவதாலேயே அது உண்டாகிறது என்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. அளந்தது சரி, அளவும் சரி, அதன் மூலம் மட்டும் வேறு.

மாவட்ட நகரங்களில்

வளிம நிறப்பகுப்பும் திணிவு நிறமாலையும் இணைந்த கருவிகள் பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளிலும் தனியார் ஆய்வகங்களிலுமே பெரிதும் உள்ளன. திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். இங்கு 2013-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. வேலூர் ஏறத்தாழ 80 கி.மீ., சென்னை ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவில் உள்ளன. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசை நெருங்கும். பௌர்ணமி கிரிவல நாள்களில் சாலைப் பயணத்துக்கு வேறு நேரம் கூடுதலாகும். திருகுமூடிக் குப்பியில் சிறுநீரைப் பிடித்துப் பேருந்தில் அனுப்பினால், சென்று சேரும்போது அசிட்டோன் குறைந்திருக்கும், அம்மோனியா கூடியிருக்கும். மணத்தை அளக்க வேண்டுமாயின் கழித்தவுடன் உறையவைத்து, பனிக்கட்டியோடு கொண்டுசெல்ல வேண்டும். சிறிய மருத்துவ நிலையங்களில் இது நடைமுறையில் கடினம்.

ஆனால் மணத்துக்குக் காரணமான கோளாறின் ஆவியாகாத அமிலங்கள் அவ்வாறு ஓடிவிடுவதில்லை. வடிதாளில் சிறுநீரை நனைத்து, நிழலில் உலர்த்தி, சாதாரண அஞ்சல் உறையில் அனுப்பலாம். ஆய்வகத்தில் அத்தாளை நீரில் ஊறவைத்துக் கரிம அமிலங்களைப் பிரித்தறிவர். குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தப் பொட்டும் இதே வகையில் அனுப்பப்படுகிறது. தாளில் மணம் போய்விட்டிருக்கும். நோயின் அடையாளம் இருக்கும். எனவே இத்தகைய ஊர்களில் தாயும் செவிலியரும் உணரும் மணம் ஒரு முன்னறிவிப்பாகவும், தாளில் செல்லும் மாதிரி அதற்குரிய சோதனையாகவும் அமைகின்றன.

அத்தாளோடு செல்லும் படிவத்தில் குழந்தை பிறந்த நேரம், கடைசியாகப் பால் குடித்த நேரம், மாதிரி எடுத்த நேரம் ஆகியவற்றோடு, தாயும் சேயும் உட்கொண்ட மருந்துகளையும் குறிக்க வேண்டும். தாய் வெந்தயக் களி, வெந்தய நீர், இலேகியம் ஏதேனும் உட்கொண்டிருந்தால் அதையும் எழுதுவது ஆய்வகத்துக்குப் பெரிதும் உதவும். நாட்டு மருந்து தானே என்று இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.